மைலோ டின்னுக்குள் இருக்கும் மருந்து



யோங் பெங்கில் நடந்த எங்கள் தொலைக்காட்சிக் கருத்தரங்கில் நான் பேசியதைக் கட்டுரையாக எழுதித் தரும்படி கேட்டிருந்தார்கள். மேடையில் கையை ஆட்டிச் சொன்னதைத் தாளில் அப்படியே சொல்ல முடியாது. அதனால் சிலவற்றைச் சுருக்கியும், நேரம் போதாமல் விட்டவற்றைச் சேர்த்தும் எழுதுகிறேன்.

அன்று வருகிறவர்களிடம் ஒன்று மட்டும் முன்கூட்டியே சொல்லியிருந்தோம். "வீட்டில் நீங்கள் சாப்பிடுகிற மருந்து எல்லாவற்றையும் எடுத்து வாருங்கள். எதையும் விட்டுவிட வேண்டாம்." பலர் பிளாஸ்டிக் பையில் கொண்டு வந்தார்கள். தோட்டத்திலிருந்து வந்த ஒரு பாட்டி பழைய மைலோ டின்னைத் தூக்கிக் கொண்டு வந்தார். டின்னை மேசைமேல் கவிழ்த்தபோது அரசாங்க கிளினிக் கொடுத்த சிறு பைகள், தனியார் கிளினிக் கொடுத்த பைகள், பசார் மாலாமில் வாங்கிய மூட்டுவலி மாத்திரை, சிங்கப்பூரில் வேலை செய்யும் மகன் வாங்கித் தந்த சத்து மாத்திரை, காலாவதியாகி இரண்டு வருடமான இருமல் மருந்து எல்லாம் வந்து விழுந்தன. சபையில் சிலர் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. என் வீட்டிலும் அப்படி ஒரு டின் இருந்தது.

அந்தக் கதையைச் சொல்லிவிட்டுத்தான் ஆய்வுகளுக்கு வர வேண்டும்.

என் அம்மாவுக்கு இனிப்பு நீர் வந்து பல வருடங்கள் ஆகிவிட்டன. அரசாங்க கிளினிக்கில் மாதா மாதம் மருந்து வாங்குவார். ஒரு முறை காய்ச்சல் என்று இரவு நேரத்தில் ஒரு தனியார் கிளினிக்குக்குப் போனார். அங்கே இரத்தம் சோதித்துப் பார்த்து, சர்க்கரை கூடியிருக்கிறது என்று தனியாக ஒரு மாத்திரை கொடுத்தார்கள். அம்மா என்ன செய்வார்? டாக்டர் கொடுத்தது, காசு கொடுத்து வாங்கியது, வீணாக்கக் கூடாது என்று பழையதோடு புதியதையும் சேர்த்துச் சாப்பிட்டார். நான்காம் நாள் விடியற்காலையில் உடம்பெல்லாம் வியர்த்து, பேச்சுக் குழறி, என்னை யார் என்று கேட்டார். விரலில் குத்திப் பார்த்தால் 2.6. நான்குக்குக் கீழே போனாலே ஆபத்து என்று சொல்லும் எண் அது. சீனி கரைத்த தண்ணீரைச் சிறுகச் சிறுகக் கொடுத்துவிட்டு மருத்துவமனைக்கு ஓடினோம்.

அங்கே மருந்துப் பகுதியில் இருந்த ஓர் இளம்பெண், இரண்டு பைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினார். ஒன்றில் கிளிக்லசைட் என்று எழுதியிருந்தது. மற்றொன்றில் டயாமிக்ரோன். "ரெண்டும் ஒரே மருந்துதான் அண்ணே" என்றார். கிளிக்லசைட் என்பது மருந்தின் பெயர். டயாமிக்ரோன் என்பது ஒரு நிறுவனம் அதற்கு வைத்த வணிகப் பெயர். அம்மா நான்கு நாளாக ஒரே மருந்தை இரண்டு பெயரில் சாப்பிட்டிருக்கிறார்.

யாரைக் குறை சொல்வது? அரசாங்க கிளினிக்குக்கு, தனியார் கிளினிக் கொடுத்தது தெரியாது. தனியார் டாக்டர் கேட்டிருக்கலாம், கேட்கவில்லை. அம்மாவும் சொல்லவில்லை. மகன் தொலைக்காட்சியில் ஊருக்கெல்லாம் உபதேசம் செய்கிறவன், வீட்டு டின்னைத் திறந்து பார்த்ததில்லை. நான் படித்தது பொதுத் தொடர்புத் துறையில் டிப்ளோமா. மருந்து படித்தவன் அல்ல. அதனால்தான், இதைப் படித்தவர்கள் என்ன எழுதி வைத்திருக்கிறார்கள் என்று தேட ஆரம்பித்தேன்.

தேடியபோது எனக்கு ஆச்சரியம். இது ஒரு தனித் துறையாகவே வளர்ந்திருக்கிறது. மருந்தைக் கண்டுபிடிக்கும் ஆய்வு நமக்குத் தெரியும். கண்டுபிடித்த மருந்து கடையிலிருந்து நோயாளியின் கைக்கு வந்து, வாய்க்குப் போய், உடம்பில் வேலை செய்கிற வரைக்கும் நடுவில் என்னென்ன நடக்கிறது என்று ஆராய்வதும் ஓர் ஆய்வுதான். இதற்கு மருந்தகப் பணி ஆய்வு என்று பெயர் சொல்லலாம். யார் விலையைத் தீர்மானிக்கிறார்கள், யார் விளக்கம் சொல்கிறார்கள், நோயாளி ஏன் பாதியில் நிறுத்துகிறார், எதை எதோடு கலந்து சாப்பிடுகிறார் என்பதெல்லாம் இதில் அடங்கும்.

நம் நாட்டில் இந்த ஆய்வுக்குப் பெரிய களமாக இருந்தது பினாங்கில் உள்ள மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம். நாட்டின் முதல் மருந்தியல் கல்விக்கூடம் அங்கேதான் 1972-இல் தொடங்கியது. ஆய்வுக்கூடத்தில் குடுவையோடு நிற்கும் மருந்தியலோடு, சமூகத்தில் மருந்து எப்படிப் புழங்குகிறது என்று பார்க்கும் ஒரு பிரிவும் அங்கே வளர்ந்தது. முகமட் இஸாம் முகமட் இப்ராஹிம், முகமட் அஸ்மி ஹசாலி, அஸ்ருல் அக்மல் ஷாஃபி ஆகியோர் அந்தப் பிரிவிலிருந்து ஏராளமாக எழுதியவர்கள். அங்கே முனைவர் பட்டத்துக்காகப் படித்த ஸகீர் உத்தீன் பாபர் பிறகு நியூசிலாந்திலும் பிரிட்டனிலும் பணியாற்றி, இத்துறையின் ஆய்வு முறைகளைப் பற்றி 2015-இல் ஒரு நூலும், 2019-இல் ஒரு கலைக்களஞ்சியமும் தொகுத்து வெளியிட்டார். ஒரு மலேசியப் பல்கலைக்கழகத்திலிருந்து கிளம்பிய ஆய்வாளர் உலகத்துக்கே பாடநூல் தொகுத்திருக்கிறார். நம் பக்கத்தில் இது எத்தனை பேருக்குத் தெரியும்?

பாபர், இஸாம் முதலானோர் சேர்ந்து 2007-இல் வெளியிட்ட ஒரு கட்டுரையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். யோங் பெங் சபையில் அதிகம் சலசலப்பு எழுந்தது இந்த இடத்தில்தான்.

உலக சுகாதார நிறுவனம் வகுத்த முறைப்படி, தீபகற்ப மலேசியாவின் பல பகுதிகளில் 48 மருந்துகளின் விலையை அவர்கள் எடுத்துப் பார்த்தார்கள். அரசாங்க மருத்துவமனைகள், தனியார் மருந்தகங்கள், மருந்தும் கொடுக்கும் தனியார் கிளினிக்குகள் என்று எல்லா இடத்திலும் எடுத்தார்கள். பிறகு அனைத்துலகச் சந்தையில் அந்த மருந்து மொத்தமாக விற்கும் ஓர் அடிப்படை விலையோடு ஒப்பிட்டார்கள். தனியார் மருந்தகத்தில், மருந்தை முதலில் கண்டுபிடித்த நிறுவனத்தின் தயாரிப்பு அந்த அடிப்படை விலையைப்போல் ஏறக்குறைய 16 மடங்கு. பொதுப்பெயர் மருந்து, அதாவது ஜெனரிக், 6.6 மடங்கு. கிளினிக்குகளில் முறையே 15 மடங்கும் 7.5 மடங்கும்.

லாபக் கணக்கையும் பார்த்தார்கள். கிளினிக்குகள் அசல் நிறுவனத் தயாரிப்பின்மீது 50 முதல் 76 விழுக்காடு வரை ஏற்றி விற்றன. ஜெனரிக் மருந்தின்மீது 316 விழுக்காடு வரை ஏற்றின. அதாவது ஒரு வெள்ளிக்கு வாங்கிய மருந்து நான்கு வெள்ளிக்கு மேல் போயிருக்கிறது. மருந்தகங்கள் மட்டும் சளைத்தவையா? அங்கே அசல் தயாரிப்புக்கு 25 முதல் 38 விழுக்காடு, ஜெனரிக்குக்கு 100 முதல் 140 விழுக்காடு. அரசாங்கத்தில் மிகக் குறைந்த சம்பளம் வாங்கும் ஓர் ஊழியர், வயிற்றுப் புண்ணுக்கு ஒரு மாத மருந்தைத் தனியாரிடம் வாங்கினால், ஏறத்தாழ ஒரு வாரச் சம்பளம் போய்விடும் என்று கணக்கிட்டார்கள்.

இதைச் சொன்னதும் சபையில் ஒருவர் எழுந்து, "அப்படின்னா டாக்டருங்க எல்லாம் கொள்ளையடிக்கிறாங்கன்னு சொல்றீங்களா தம்பி?" என்று கேட்டார். அப்படிச் சொல்ல நான் தயாராக இல்லை. கிளினிக் டாக்டர் வாங்கக்கூடிய ஆலோசனைக் கட்டணத்துக்குச் சட்டம் வரம்பு வைத்திருக்கிறது. வாடகை, தாதியர் சம்பளம், மின்சாரம் எல்லாம் எங்கிருந்தோ வர வேண்டும். அது மருந்தின் விலைக்குள் போய் ஒளிந்து கொள்கிறது. நோயாளிக்கு எதற்கு எவ்வளவு கொடுத்தோம் என்று தெரிவதில்லை. குறை முறையில் இருக்கிறது என்பது என் கருத்து. 2025 மே முதல் தேதியிலிருந்து தனியார் கிளினிக்குகளும் மருந்தகங்களும் மருந்து விலையை எழுதி வைக்க வேண்டும் என்று அரசாங்க ஆணை வந்தது. அதை எதிர்த்து மருத்துவர்கள் குரல் எழுப்பியதையும் நாம் செய்தியில் பார்த்தோம். அந்த விவாதத்தின் வேர் இந்த மாதிரி ஆய்வுகளில் இருக்கிறது.

இதோடு ஒட்டிய இன்னொரு கேள்வி: எழுதிக் கொடுப்பவரே மருந்தையும் கொடுக்கலாமா? நம் நாட்டில் 1952-ஆம் ஆண்டின் நச்சுப் பொருள் சட்டம், டாக்டர் தம்முடைய நோயாளிக்குத் தாமே மருந்து கொடுக்க இடம் தருகிறது. அரசாங்க மருத்துவமனையில் டாக்டர் எழுதுவார், மருந்தாளர் கொடுப்பார். தனியார் கிளினிக்கில் இரண்டும் ஒரே கூரையின்கீழ். தைவான் 1997-இலிருந்தும் தென்கொரியா 2000-இலிருந்தும் இதைப் பிரித்தன. கொரியாவில் டாக்டர்கள் வேலை நிறுத்தமே செய்தார்கள். ஷாஃபியும் ஹசாலியும் மற்றவர்களும் 2012-இல் எழுதிய கட்டுரை ஒன்றில் இதற்குச் சார்பான, எதிரான வாதங்களைத் தொகுத்திருக்கிறார்கள். பிரித்தால் இரண்டாவது ஒரு கண் மருந்துச் சீட்டைப் பார்க்கும், தவறு பிடிபடும். பிரித்தால் நோயாளி இரண்டு இடம் அலைய வேண்டும், செலவு கூடலாம்.

இந்த விஷயத்தில் பெரிய நகரத்தில் இருப்பவர் பேசுவது ஒரு விதம், யோங் பெங்கில் இருப்பவர் பேசுவது ஒரு விதம். நெடுஞ்சாலையில் போகிறவர்களுக்கு யோங் பெங் என்பது சாப்பிட நிறுத்தும் இடம். இங்கே வாழ்கிறவருக்கோ, பெரிய மருத்துவமனை வேண்டுமென்றால் ஒரு பக்கம் பத்து பஹாட், இன்னொரு பக்கம் குளுவாங். செம்பனைத் தோட்டத்துக்குள் இருக்கிறவர் இராத்திரி எட்டு மணிக்குப் பிள்ளைக்குக் காய்ச்சல் என்று மோட்டார் சைக்கிளில் வந்தால், மருந்துச் சீட்டை மட்டும் கையில் கொடுத்து "போய்க் கடையில் வாங்கிக்கொள்" என்று சொல்வது நியாயமா? இரண்டையும் பிரிப்பதற்கு ஆதரவாகத்தான் நான் இருந்தேன். யோங் பெங்கில் கேள்விகளைக் கேட்ட பிறகு, ஊருக்கு ஊர் வேறு ஏற்பாடு வேண்டும் என்று தோன்றுகிறது. ஆனால் ஒன்றை இன்றைக்கே செய்யலாம். கிளினிக்கில் "மருந்துச் சீட்டாக எழுதிக் கொடுங்கள், நான் வெளியே வாங்கிக்கொள்கிறேன்" என்று கேட்கலாம். கேட்டால் டாக்டர் கோபித்துக்கொள்வார் என்று நாம் பயப்படுகிறோம்.

அஸ்மி ஹசாலியைப் பற்றித் தனியாக ஒரு வார்த்தை. மெல்பர்னில் மோனாஷ் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றுத் திரும்பி, பினாங்கில் பேராசிரியராக இருந்தவர். 2021-இல் காலமானார். ஜெனரிக் மருந்துகளைப் பற்றி டாக்டர் என்ன நினைக்கிறார், மருந்தாளர் என்ன நினைக்கிறார், சாதாரண மனிதர் என்ன நினைக்கிறார் என்று விடாமல் கேட்டுக் கொண்டே இருந்தவர். அவரும் மாணவர்களும் பினாங்கில் பொதுமக்களிடையே செய்து 2008-இல் வெளியிட்ட ஒரு முன்னோட்ட ஆய்வில், பலருக்கு ஜெனரிக் என்ற சொல்லே பழக்கமில்லை என்று தெரிய வந்தது. "வேறு பெயரில் வரும் அதே மருந்து" என்று சொன்னால்தான் புரிந்தது.

என் அம்மாவின் கதை சரியாக இந்த இடத்தில் வந்து நிற்கிறது. பெயர் புரியாததால் பணம் மட்டும் நஷ்டமில்லை, உயிரும் நஷ்டமாகலாம்.

ஜெனரிக் என்றால் மட்டமானது என்ற எண்ணம் நம்மிடையே வலுவாக இருக்கிறது. "அரசாங்க மருந்து வேலை செய்யாது, தனியார் மருந்துதான் கேட்கும்" என்று சொல்லாத வீடு குறைவு. இதை எப்படிச் சோதிக்கிறார்கள் என்று சொல்கிறேன். ஆரோக்கியமான தன்னார்வலர்களுக்கு ஒரு நாள் அசல் மருந்து, சில நாள் இடைவெளி விட்டு இன்னொரு நாள் ஜெனரிக் மருந்து கொடுக்கிறார்கள். மணிக்கணக்கில் இரத்தம் எடுத்து, மருந்து எவ்வளவு ஏறியது, எப்போது உச்சத்துக்குப் போனது என்று பார்க்கிறார்கள். இரண்டின் விகிதமும், கணக்கின் பிழை வரம்போடு சேர்த்து, 80-க்கும் 125-க்கும் இடையில் அடங்க வேண்டும். இதைச் சிலர் "ஜெனரிக்கில் இருபது விழுக்காடு மருந்து குறைவு" என்று தப்பாகப் புரிந்து கொள்கிறார்கள். பிழை வரம்பு முழுவதுமே அந்த எல்லைக்குள் அடங்க வேண்டுமானால், சராசரி நூறுக்குப் பக்கத்தில் இருந்தே ஆக வேண்டும். மாத்திரைக்குள் இருக்கும் மருந்தின் அளவு வேறு சோதனை. அது தனியாகவே நடக்கிறது. வலிப்பு நோய்க்கும், இரத்தம் உறையாமல் இருக்கவும் கொடுக்கும் சில மருந்துகளில் சின்ன மாற்றமும் பெரிதாகப்படும் என்பதால், அவற்றை மட்டும் டாக்டரிடம் கேட்காமல் மாற்றக் கூடாது.

அரசாங்கக் கொள்முதல் ஒப்பந்தம் மாறும்போது மாத்திரையின் நிறமும் வடிவமும் மாறும். போன மாதம் வெள்ளை வட்டம், இந்த மாதம் நீள வடிவம். வீட்டில் பழையது பாதி மிச்சம் இருக்கும். வயதானவர் இரண்டையும் வேறு வேறு மருந்து என்று நினைத்து இரண்டையும் விழுங்குவார். அல்லது "இது என் மருந்து இல்லை" என்று இரண்டையும் நிறுத்துவார். மைலோ டின் பாட்டியிடம் அப்படி இரத்தக் கொதிப்பு மருந்து இரண்டு நிறத்தில் இருந்தது. நிகழ்ச்சிக்கு வந்திருந்த மருந்தாளர் பையிலிருந்த பெயரைக் காட்டி விளக்கிய பிறகு பாட்டி கேட்டார்: "நெறத்த மாத்துறவங்க ஒரு வார்த்த சொல்லிட்டு மாத்தக் கூடாதாய்யா?" எனக்குப் பதில் தெரியவில்லை. மருந்தாளரும் தலையை ஆட்டினார், அவ்வளவுதான்.

மருந்தாளர் என்பவர் கவுண்டருக்குப் பின்னால் நின்று பொட்டலம் கட்டுபவர் என்ற நினைப்பு உலகம் முழுவதும் இருந்ததுதான். 1990-இல் அமெரிக்காவில் ஹெப்லர், ஸ்ட்ராண்ட் என்ற இருவர் ஒரு கட்டுரை எழுதினார்கள். மருந்தைச் சரியாகக் கொடுத்துவிட்டால் மருந்தாளரின் வேலை முடிந்துவிடாது, அந்த மருந்தால் நோயாளிக்கு என்ன ஆகிறது என்பதற்கும் அவர் பொறுப்பு என்றார்கள். மருந்தால் வரும் சிக்கல்களை எட்டு வகையாகவும் பிரித்தார்கள். நோய் இருந்தும் மருந்து இல்லாமல் இருப்பது, தேவையில்லாத மருந்து சாப்பிடுவது, அளவு குறைவது, அளவு கூடுவது, ஒன்றோடு ஒன்று மோதுவது என்று போகும் அந்தப் பட்டியல். மைலோ டின்னைக் கவிழ்த்தால் பாதிப் பட்டியல் அதிலேயே இருக்கும்.

சொன்னது சரி, செய்து பார்த்தார்களா? அமெரிக்காவின் ஆஷ்வில் நகராட்சி 1996-இல் செய்து பார்த்தது. இனிப்பு நீர் உள்ள நகராட்சி ஊழியர்கள் மாதா மாதம் மருந்தாளரிடம் உட்கார்ந்து பேச வேண்டும். பேசினால் மருந்து இலவசம். மருந்தாளருக்கு அந்த நேரத்துக்குக் கூலி. 2003-இல் வெளிவந்த ஐந்தாண்டுக் கணக்கில் சர்க்கரை அளவு தேறியிருந்தது, மருத்துவ விடுப்பு குறைந்திருந்தது. மருந்துச் செலவு கூடியது, ஆனால் மொத்த மருத்துவச் செலவு குறைந்தது.

தமிழ் பேசும் பக்கத்திலும் இதன் தடம் இருக்கிறது. ஊட்டியிலும் மைசூரிலும் உள்ள ஜே.எஸ்.எஸ். மருந்தியல் கல்லூரிகள் 1990-களின் பிற்பாதியில், ஆஸ்திரேலியாவின் அடிலெய்டு மருத்துவமனை ஒன்றின் துணையோடு, மருந்தாளரை வார்டுக்குள் கொண்டுவரும் மேற்படிப்பை ஆரம்பித்தன. அதுவரை இந்தியாவில் மருந்தியல் படித்தவர் போக வேண்டிய இடம் தொழிற்சாலை என்றுதான் நினைத்தார்கள். 2008-இல் ஆறாண்டு ஃபார்ம்.டி. படிப்பும் வந்தது. இலங்கையில் ராகமை போதனா மருத்துவமனையில் மருந்தாளர் ஒருவரை டாக்டர்களோடு வார்டில் சுற்ற விட்டு ஓர் ஆய்வு செய்தார்கள். அவர் நோயாளியின் மருந்துகளைச் சரிபார்த்து, வீட்டுக்குப் போகும்போது விளக்கியும் அனுப்பினார். மருந்துச் சிக்கலால் மீண்டும் மருத்துவமனைக்கு வருவது குறைந்தது என்று 2018-இல் உலக சுகாதார நிறுவனத்தின் ஏட்டில் எழுதினார்கள். பணக்கார நாட்டில் மட்டும் நடக்கிற காரியம் என்று சொல்ல இனி முடியாது.

நம் நாட்டு அரசாங்க மருத்துவமனைகளில் 2004 முதல் மருந்தாளர் நடத்தும் சிறப்பு கிளினிக் முறை வந்தது. மலாய், ஆங்கில வழக்கில் இதைச் சுருக்கமாக எம்டாக் என்பார்கள். இனிப்பு நீர், இரத்த உறைவுத் தடுப்பு மருந்து போன்றவற்றுக்கு நோயாளி பலமுறை ஒரே மருந்தாளரைச் சந்திக்கிறார். மிச்சமான மாத்திரையை எண்ணுகிறார்கள், இன்சுலின் ஊசியை எப்படிக் குத்துகிறீர்கள் என்று செய்து காட்டச் சொல்கிறார்கள். பினாங்கு மருத்துவமனையிலிருந்து 2010-இல் வந்த ஒரு சிறு ஆய்வில், இப்படித் தொடர்ந்து வந்தவர்களின் சர்க்கரை அளவு நன்றாகக் குறைந்திருந்தது. தொடர்ந்து வருகிறவர் ஏற்கனவே அக்கறை உள்ளவர், வராமல் விட்டவரின் கதி அந்தக் கணக்கில் இல்லை என்பதையும் நாம் மனதில் வைக்க வேண்டும்.

வராதவர்தான் நம் பிரச்சினை. 2003-இல் உலக சுகாதார நிறுவனம் சொன்னது: வளர்ந்த நாடுகளிலேயே நீண்ட கால நோய்க்கான மருந்தைச் சொன்னபடி சாப்பிடுபவர் பாதிப் பேர்தான். நம் நாட்டில் 2019-ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வில் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்பு நீர் இருந்தது. இந்தியர்களை மட்டும் எடுத்தால் 31.4 விழுக்காடு. 2023-இல் ஒட்டுமொத்த விகிதம் 15.6-க்கு இறங்கியது, ஆனால் முதலிடம் இன்னமும் நமக்குத்தான். கருத்தரங்கில் ஒரு வரிசைக்குப் பத்து நாற்காலி போட்டிருந்தோம். மூன்று மூன்றாக எண்ணிப் பார்க்கச் சொன்னேன். அப்போது சபை அமைதியாகிவிட்டது.

சாப்பிடாமல் விடுவதற்குச் சோம்பல் காரணம் என்று நினைத்து விடுகிறோம். சபையில் கேட்டுப் பார்த்தேன். ஒருவர் லாரி ஓட்டுகிறார், இரத்தக் கொதிப்பு மருந்து அடிக்கடி சிறுநீர் போக வைக்கிறது, அதனால் வேலை நாளில் சாப்பிடுவதில்லை. ஓர் அம்மா, சர்க்கரை "இறங்கிவிட்டதால்" மருந்தை நிறுத்திவிட்டார். மருந்து சாப்பிட்டதால்தான் இறங்கியது என்று யாரும் அவரிடம் சொல்லவில்லை. இன்னொருவர் தைப்பூச விரதத்தில் பகல் முழுவதும் சாப்பாடு இல்லாமல் மாத்திரையை மட்டும் போட்டுக்கொண்டிருக்கிறார். கிளிக்லசைட் வகை மருந்தை வெறும் வயிற்றில் போட்டால் என் அம்மாவுக்கு வந்த அதே மயக்கம்தான் வரும். நோன்பு மாதத்தில் முஸ்லிம் அன்பர்கள் மருந்து நேரத்தை மாற்றிக்கொள்ள மருந்தாளரைக் கேட்கிறார்கள். விரதம் இருக்கும் நாமும் கேட்கலாம்.

மொழியும் ஒரு காரணம். அரசாங்க மருந்துப் பையில் "1 பிஜி, 2 காலி செஹாரி" என்று மலாயில் அச்சடித்திருக்கும். ஒரு மாத்திரை, நாளுக்கு இரண்டு முறை. மலாய் பேசத் தெரிந்த பாட்டிக்கும் படிக்கத் தெரியாமல் இருக்கலாம். "செபெலும் மாக்கான்" சாப்பாட்டுக்கு முன், "செலெபாஸ் மாக்கான்" சாப்பிட்ட பின். இரண்டும் ஒரே எழுத்தில் தொடங்குவதால் கண் மங்கியவருக்கு ஒன்றுபோலத் தெரியும். பையின்மேல் மார்க்கர் பேனாவால் ஒரு சூரியனும் ஒரு பிறையும் வரைந்து கொடுத்தால் போதும். எத்தனையோ வீட்டில் பேரப்பிள்ளைகள் இதைச் செய்கிறார்கள்.

இனி பசார் மாலாம் மூட்டுவலி மாத்திரைக்கு வருகிறேன். பதிவு செய்யப்பட்ட மருந்தின் உறையில் மால் என்று தொடங்கி எட்டு இலக்க எண்ணும், கடைசியில் ஓர் ஆங்கில எழுத்தும் இருக்கும். ஏ என்றால் கட்டுப்பாட்டுக்கு உட்பட்ட மருந்து, எக்ஸ் என்றால் சாதாரணமாகக் கடையில் வாங்கக்கூடியது, டி என்றால் பாரம்பரிய மருந்து, என் என்றால் சத்துப் பொருள். ஹோலோகிராம் முத்திரையும் ஒட்டியிருக்க வேண்டும். பாட்டியின் மாத்திரையில் எண்ணும் இல்லை, முத்திரையும் இல்லை. "இயற்கை மூலிகை" என்று விற்ற பல பொருள்களில் டெக்ஸாமெதாசோன் என்ற ஸ்டீராய்டு கலந்திருந்ததைச் சுகாதார அமைச்சு திரும்பத் திரும்பக் கண்டுபிடித்திருக்கிறது. ஸ்டீராய்டு வலியை மந்திரம்போலப் போக்கும். முகத்தை வீங்க வைக்கும், எலும்பைக் கரைக்கும், சர்க்கரையை ஏற்றிவிடும். இனிப்பு நீர் மாத்திரையை எவ்வளவு கூட்டினாலும் சர்க்கரை இறங்கவில்லை என்றால் காரணம் அந்த மூட்டுவலி மாத்திரையாக இருக்கக்கூடும். பல மாதம் சாப்பிட்டவர் அதைத் திடீரென்று நிறுத்துவதும் ஆபத்து. டாக்டரிடம் காட்டித்தான் நிறுத்த வேண்டும்.

பெனடோலைப் பற்றியும் ஒருவர் கேட்டார். பெனடோல் என்பது பாராசிட்டமோல். கிளினிக் கொடுக்கும் காய்ச்சல் மாத்திரையும் பெரும்பாலும் அதுதான், கடையில் வாங்கும் சளிக் காய்ச்சல் மாத்திரை பலவற்றிலும் அது கலந்திருக்கும். ஆரோக்கியமான பெரியவருக்கு ஒரு நாளில் 500 மில்லிகிராம் மாத்திரை எட்டுக்கு மேல் போகக் கூடாது. மூன்று பெயரில் சாப்பிடுகிறவருக்குக் கணக்கே தெரியாமல் எட்டைத் தாண்டிவிடும். அடி வாங்குவது கல்லீரல்.

வாசகர்கள் பலர் கேட்ட ஒரு நடைமுறை விஷயம்: அரசாங்கத் தொடர் மருந்தை ஒவ்வொரு மாதமும் அதே மருத்துவமனைக்குப் போய் வாங்க வேண்டுமா? வேண்டியதில்லை. முதல் மாதம் வாங்கும்போதே மருந்தாளரிடம் சொன்னால், மீதி மாதங்களுக்கு வீட்டுக்குப் பக்கத்திலுள்ள அரசாங்க கிளினிக்கில் வாங்கிக்கொள்ள ஏற்பாடு இருக்கிறது. அஞ்சலில் வீட்டுக்கு அனுப்பும் சேவையும் உண்டு. பத்து பஹாட்டில் சிகிச்சை பெற்று யோங் பெங்கில் வசிப்பவருக்கு இது பேருதவி. ஆனால் ஒரு எச்சரிக்கை. அஞ்சலில் வரும் மருந்து பேசாது. நிறம் மாறியிருந்தால், அளவு மாறியிருந்தால், தொலைபேசியில் கேட்டுத் தெரிந்து கொண்ட பிறகே பிரிக்க வேண்டும்.

என் அம்மாவின் பணப்பையில் இப்போது ஒரு சின்ன அட்டை இருக்கிறது. மருந்தின் பொதுப்பெயர், அளவு, எதற்காக, காலையா இரவா என்று நான்கு வரி. எந்த கிளினிக்குக்குப் போனாலும் முதலில் அந்த அட்டையைத்தான் நீட்டுகிறார். போன மாதம் ஒரு டாக்டர் அதைப் பார்த்துவிட்டு, எழுத இருந்த மாத்திரை ஒன்றை அடித்துவிட்டாராம். வீட்டுக்கு வந்து அதைப் பெருமையாகச் சொன்னார். மைலோ டின்னில் இப்போது மைலோதான் இருக்கிறது. இனிப்பு நீர் உள்ளவருக்கு அது எதற்கு என்று நான் கேட்டேன். பேரப்பிள்ளைகளுக்காம்.